வாஷிங்டனுக்கு மரப்பல்தான், மிஸ்

வரலாற்று டீச்சர் வேலை என்பது, செத்துப்போனவர்கள் செய்யாத காரியத்துக்கு உயிரோடு இருக்கிறவள் திட்டு வாங்குகிற வேலை.

இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் நாகர்கோவில்காரி. எம்.ஏ. வரலாறு. சேரர் யார், ஆய் மன்னர் யார் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். ஷார்ஜா முவைலாவில் ஒரு அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஐந்தாம் கிளாஸுக்கு அமெரிக்க வரலாறு எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று கனடாவுக்குப் போய்விட்டார். "வரலாறுதானே, எந்த ஊர் வரலாறானால் என்ன" என்று என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கணவர் இங்கிருந்து நாலு மணி நேரத் தூரத்தில் ருவைஸில் பிளான்ட் டெக்னீஷியன், கம்பெனி கேம்ப்பில் இருக்கிறார். அவர் கம்பெனியில் குடும்ப விசா கிடையாது. மகள் அபிஷா என் விசாவில் இருக்கிறாள், என் பள்ளியிலேயே ஐந்தாம் கிளாஸ் வேறு செக்‌ஷனில் படிக்கிறாள். என் கான்ட்ராக்டை வருஷா வருஷம் பிரின்சிபால் புதுப்பிக்க வேண்டும். அவர் பேனாவை மூடிவிட்டால் நானும் பிள்ளையும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பேரீச்ச மரத்தில் கை வைக்காதே

ஆண்டு விழாவுக்கு என் கிளாஸ் நாடகம் போட வேண்டும் என்று உத்தரவு. தலைப்பும் மேலிடமே கொடுத்துவிட்டது: சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, கேட்டதும் உண்மையை ஒப்புக்கொள்கிறான். மெயின்டனன்ஸில் இருக்கும் ராமநாதபுரத்துக் காளிமுத்து அண்ணனிடம் ஒரு மரம் கேட்டேன். "செர்ரின்னா கேக்கு மேல செவப்பா வைப்பாங்களே, அந்த மரமா டீச்சர்? அதுக்கு இந்த மணல்ல நான் எங்க போவேன்" என்று சொல்லிவிட்டு, ரிசப்ஷனில் நிற்கிற பிளாஸ்டிக் பேரீச்ச மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒத்திகையில் அட்டைக் கோடாலியோடு வாஷிங்டன் அதை ரெண்டு போடு போட்டான். அந்தப் பக்கம் வந்த அரபி டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். இந்த மண்ணில் நோன்பு திறக்கிற பழம் அது, அதை மேடையில் வைத்துப் பிள்ளைகள் வெட்டுவதா என்று கேட்டார். நியாயம்தானே. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நல்ல சாக்கு கிடைத்தது என்று பிரின்சிபால் மேடத்திடம் ஓடினேன். இந்த நாடகமே வேண்டாம் மேடம், அப்படி ஒரு மரமும் இல்லை, வெட்டும் இல்லை, வாஷிங்டன் செத்த பிறகு அவர் வாழ்க்கையை எழுதி விற்ற ஒருவர் சேர்த்துவிட்ட கதை என்று விளக்கினேன். மேடம் லக்னோக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஜெசி மிஸ், பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லித் தர்ற கதை இது. அது எப்படிப் பொய்யா இருக்க முடியும்?"

உருண்டையான டிகிரி

பெற்றோர் சந்திப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்து இன்ஜினியர் ஒருவர், கழுத்தில் சைட் அடையாள அட்டையோடு டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். உலகம் உருண்டை என்று கொலம்பஸ் நிரூபிக்கவில்லை என்று நான் சொன்னதாக மகன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். ஆமாம் சார், படித்தவர்களுக்கு அது கிரேக்கர் காலத்திலேயே தெரியும், கொலம்பஸுக்கும் மற்றவர்களுக்கும் சண்டை தூரத்தைப் பற்றித்தான், அதிலும் கணக்கைத் தப்பாகப் போட்டவர் கொலம்பஸ்தான், இன்றைக்கு அமெரிக்கா என்கிற நாட்டின் பெருநிலத்தில் அவர் கால் வைக்கவே இல்லை என்றேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே எதையோ பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"உருண்டைன்னு நிரூபிச்சவர் கொலம்பஸ்னு எழுதித்தான் டீச்சர் நான் பத்தாவது பாஸானேன், அதுல பாஸாகித்தான் இன்ஜினியரிங், அதுலதான் இங்க வேலை. இப்ப வந்து அது தப்புன்னா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பல் விளக்க மாட்டேன்

வாஷிங்டனுக்கு மரத்தில் செய்த பல்செட் என்று புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தி, பக்கத்தில் சிரிக்கிற வாஷிங்டன் படம். மரம் இல்லை பிள்ளைகளே, தந்தமும் மிருகப் பல்லும் மனிதப் பல்லும் வைத்துக் கட்டியது என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். யாருடைய பல் மிஸ் என்று கேட்டார்கள். அவருடைய தோட்டத்து அடிமைகளிடம் வாங்கிய பல்லும் அதில் இருந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள் என்றேன். ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஒருத்தர் கஷ்டத்தில் இன்னொருத்தர் சௌகரியமாக இருப்பதை ஸ்கூல் பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இது புரியாமல் போகுமா.

மறுநாள் ஒரு அம்மா ஃபோன் செய்தார். திருநெல்வேலி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் ராத்திரியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறாள், பல் டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறாள், தன் பல்லைப் பிடுங்கி யாருக்காவது வைத்துவிடுவார்கள் என்று பயம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது: "மரமாவே இருந்துட்டுப் போகட்டும் மிஸ். மரம்னா எம்புள்ள பல்லாவது வெளக்கும்."

அவர்களுக்கு கஃபீல் யார்?

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்து. வான்கோழி இல்லாததால் கோழி பிரியாணி வந்தது. கப்பலில் வந்த குடியேறிகளுக்குக் கொக்கி வைத்த கறுப்புத் தொப்பி, அவர்களுக்கு விருந்து கொடுத்த அந்த மண்ணின் பழங்குடிகளுக்குத் தலையில் இறகு. அந்தக் கொக்கித் தொப்பியே பின்னால் வந்த ஓவியர்களின் கற்பனை என்று சொல்ல நினைத்தேன், ஆனால் பெற்றோர்கள் ஏற்கெனவே தொப்பி தைத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு பெற்றோருக்கும் தன் பிள்ளை இறகு வைக்கச் சம்மதமில்லை. கடைசியில் எல்லோரும் தொப்பி, விருந்து கொடுக்க ஆளே இல்லை. சரி போகட்டும் என்று கப்பல் வந்த கதையைச் சொன்னேன். அவர்கள் கால் வைத்ததாகச் சொல்லும் பாறையைப் பற்றிக்கூட, வந்தவர்கள் ஒரு வரி எழுதிவைக்கவில்லை, நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் இதுதான் அந்தப் பாறை என்று ஒருவர் கைகாட்டினார் என்றேன்.

பாறை ஒருவனையும் அசைக்கவில்லை. முன்வரிசையில் ஒரு மலையாளிப் பையன், அவன் அப்பா பி.ஆர்.ஓ., கம்பெனி ஆட்களுக்கெல்லாம் விசா போட்டுக் கொடுப்பதுதான் அவருக்கு வேலை. இந்த ஊரில் வெளியிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொறுப்பேற்று விசா கொடுக்க ஒரு கஃபீல் வேண்டும். பையனுக்கு வேறு ஒன்று உறுத்தியது. அத்தனை பேர் கப்பலில் வந்து இறங்கினார்களே, அங்கேயே தங்கிவிட்டார்களே, அது எப்படி என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். அவன் கேட்டது இதுதான்: "மிஸ், அவங்களுக்கு கஃபீல் யாரு?"

ருவைஸ் லைனில்

இதெல்லாம் மேடம் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, ரொம்ப அன்பாகச் சொன்னார். கான்ட்ராக்ட் நேரம் வருகிறது. பெற்றோர்கள் புகார் செய்கிறார்கள். கேள்வித்தாள் எல்லாக் கிளைகளுக்கும் பொது, ஆன்சர் கீயும் பொது. புத்தகத்தை ஒட்டிப் போனால் எல்லோருக்கும் நல்லது. அவ்வளவுதான். டீயை நான் தொடவில்லை. வீட்டுக்கு வந்து சாயந்திரம் கணவருக்கு ஃபோன் போட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். அபிஷா பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வர்க் எழுதுவதைக்கூடப் பயத்தில் மறந்துவிட்டேன். விசா போனால் என்ன செய்வது, இவளுக்கு எந்த ஸ்கூலில் இடம் கேட்பது, ரெண்டு பேரும் போனபிறகு நீங்கள் இந்த ஊரில் யாருக்காக இருப்பீர்கள் என்று என்னென்னவோ புலம்பினேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஜெசி, வாஷிங்டன் என்ன உனக்குச் சித்தப்பாவா? புக்குல என்ன கெடக்கோ அதச் சொல்லிட்டு வீட்டுக்கு வா."

ஆன்சர் கீ

பரீட்சை வந்தது. மரப்பல் கேள்வி, கொலம்பஸ் கேள்வி, சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட நாள் எது என்று ஒரு கேள்வி. ஜூலை நாலு என்கிறது கீ. அன்றைக்கு அதற்கு ஒப்புதல்தான் கிடைத்தது, பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டது அடுத்த மாதம் என்று நான் கிளாஸில் சொல்லியிருந்தேன். பாதிக் கிளாஸ் நான் சொன்னதையே எழுதியிருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புத்தகப்படி எழுதியதற்கும் மார்க், நான் சொன்னபடி எழுதியதற்கும் மார்க் என்று போட்டுத் தாள்கட்டை மேடத்துக்கு அனுப்பினேன். மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். கீ மட்டும்தான், கலாஸ், அதோடு முடிந்தது பேச்சு.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் அடித்தேன். என் வாயிலிருந்து கேட்டு நம்பி எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் தப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், என் கையே எனக்குப் பிடிக்கவில்லை. பேப்பர் கொடுத்த அன்று ஸாரா என்ற லாகூர்ப் பெண் குழந்தை, என் கிளாஸில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள், தாளை எடுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தாள். அழவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாள்: "மிஸ், நீங்க அப்போ பொய் சொன்னீங்களா, இல்ல இப்போ சொல்றீங்களா?"

முழு மார்க்

அன்றைக்கு வீட்டில் சமைக்கவே மனசு வரவில்லை. அபிஷா தன் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வேறு செக்‌ஷன் டீச்சர் திருத்தியது, முழு மார்க், மேலே ஒரு நட்சத்திரம். வாங்கிப் பார்த்தேன். வாஷிங்டனுக்கு மரப்பல். உலகம் உருண்டை என்று நிரூபித்தவர் கொலம்பஸ். கையெழுத்து ஜூலை நாலு. இதெல்லாம் எப்படி நடந்தது என்று இந்தச் சோற்று மேஜையில் வைத்து அவளுக்கு நானே கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். பல் கதையை மறுபடி மறுபடி கேட்டவள் அவள். அந்த ஆட்களுக்குப் பிறகு எப்படிச் சாப்பிட முடிந்தது அம்மா என்று கேட்டு, அன்றைக்குத் தட்டைத் தள்ளிவைத்தவள்.

"மக்களே, உனக்குத் தெரியும்தானே இது தப்புன்னு" என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். "பொறவு ஏன் இப்படி எழுதின?" பேனா மூடியைத் திருகினாள். பத்து வயசுப் பிள்ளை. நான் ஃபோனில் அழுததை எல்லாம் ஹோம்வர்க்குக்கு நடுவில் கேட்டு மனசில் வைத்திருந்திருக்கிறாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்: "உங்க பொண்ணே உண்மைய எழுதினா, நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்கன்னு மேடத்துக்குத் தெரிஞ்சிடும்லமா. அப்புறம் நாம ரெண்டு பேரும் போகணும், அப்பா தனியா இருப்பாங்க."

கான்ட்ராக்டைப் புதுப்பித்துவிட்டார்கள், ஆகவே என் சக வாத்தியார்களே, நான் இத்தனை வருஷத்தில் வரலாற்றை முழுசாகப் புரியவைத்தது ஒரே ஒரு மாணவிக்குத்தான், அவளையும் நானேதான் பெற்றேன்.