பழனியாண்டியின் ஒரே அடுப்புக் கம்பளி

பழனியாண்டியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், நெசவு தெரியும் என்பேன். அதற்கு மேல் எனக்கு வாய் வராது.

ஹந்தான மலையடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவனுடையது. அறுபதுகளில் அவன் கைத்தறியில் நெய்த கம்பளிதான் கண்டி முழுக்கப் பேச்சு. கறுப்புக் கம்பளி, நடுவில் சிவப்பாக நெருப்பு, அதைச் சுற்றி ஒரு குடும்பமே குந்தியிருக்கும். ‘ஒரே அடுப்புக் கம்பளி’ என்று அவனே பெயர் வைத்தான். கல்யாணச் சீரில் அதை வைத்தால் அந்தக் குடும்பம் பிரியாது, இரண்டாவது அடுப்பு மூளாது என்று கதையும் கட்டிவிட்டான். நம் சனத்துக்குச் சொல்லவா வேண்டும், நம்பிவிட்டார்கள்.

இந்த மகராசன் வீட்டில் எத்தனை அடுப்பு தெரியுமா? இரண்டு! புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த தங்கை அங்கம்மாவைப் பின்தாழ்வாரத்தில் தனியாகப் பொங்கித் தின்ன விட்டிருந்தான். ஆட்டு ரோமத்தை நூலாக்கியதும், கம்பளி ஓரத்தில் குஞ்சம் முடிந்ததும் அவள்தான். ஊருக்கு மட்டும் எல்லாம் அவன் பெண்சாதி பேச்சியம்மாவின் கைவேலை. தாலி இழந்தவள் கை பட்டது என்று தெரிந்தால் கல்யாண வீட்டார் வாங்குவார்களா? வெட்கங்கெட்ட பயல்.

ஒரு மார்கழியில் அங்கம்மாவுக்கு நெஞ்சுச் சளி. சாக்கைப் போர்த்திக்கொண்டு அவள் இருமுவது எங்கள் வீடுவரை கேட்டது.

“அண்ணே, பழுதானது ஒண்ணு இருந்தாலும் குடுங்கண்ணே. குளிர் தாங்கல.”

“கல்யாணச் சாமான்டி அது. நீ போத்துனா தரித்திரம்.”

சீ, இதுவும் ஒரு பிறவியா! கூடப் பிறந்தவளிடம் பேசுகிற பேச்சா அது?

மறுநாள் கெலிஓயாவிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் தாய் கம்பளி எடுக்க வந்தாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். ஓரத்தில் ஒரு குஞ்சம் அவிழ்ந்திருந்தது.

“இதை மட்டும் முடிஞ்சி குடுத்துருங்க தங்கச்சி,” என்று பேச்சியம்மாவிடம் நீட்டினாள்.

பேச்சியம்மா முடிந்தாள், அவிழ்ந்தது. மறுபடி முடிந்தாள், சிக்கு விழுந்தது. அந்தக் குளிரிலும் பழனியாண்டிக்கு வியர்த்துக் கொட்டியது.

“குடுங்க மதினி,” என்று அங்கம்மா உள்ளே வந்தாள். ஒரே நிமிடத்தில் குஞ்சத்தை முடிந்தாள். வந்தவளைப் பார்த்து, “இது பூரா நான் முடிஞ்சதுதாங்க,” என்றாள்.

அந்த அம்மாள் அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தாள். “என்னங்க அநியாயம் இது! நல்ல காரியத்துக்கு இதையா குடுப்பீங்க?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

“என் குடியைக் கெடுத்திட்டியேடி, பாவி!” என்று பழனியாண்டி கத்தினான்.

அங்கம்மா பதறவில்லை. கம்பளியை உதறித் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

“இனி இது எந்தக் கல்யாணத்துக்கும் ஆவாதுண்ணே. எனக்கு ஆவும்.”

நேரே குசினிக்குள் போய், பேச்சியம்மாவின் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். கம்பளியைப் பிடுங்கப் பாய்ந்த பழனியாண்டியின் கை பாதியில் நின்றது. அவள் போர்த்தியதைத் தொட அவனுக்கே பயம்.