தம்பி தீவில் நின்ற கதை

கனடாவில், ஒஷாவாவிலிருந்து வீடு திரும்பும் வழியில், நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது தம்பி அழைத்தான். ஸ்கொட்லாந்தின் வடகோடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன்.

“அண்ணை, இந்தமுறை தீவில நிக்கிறன்.”

யாழ்ப்பாணத்துக்காரனுக்குத் தீவு என்றால் அங்கே கடலுக்குள் கிடக்கும் எங்கள் தீவுகள்தான். அதிலொன்றில் அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன பனங்காணி இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கிறான் என்றால் விற்கத்தான். துப்பறியும் நாவல்களாக வாசித்துத் தள்ளியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆரோட கதைச்சனி?”

“வீடு வீடாப் போய்க் கதைக்கிறன். எல்லாரும் பாப்பம் எண்டுதான் சொல்லினம்.”

“என்ரை கையெழுத்தில்லாமல் அந்தக் காணியை ஒருத்தனும் வாங்கேலாது, தெரியுமோ?”

“என்ன காணி? அண்ணை, நான் எலெக்சனில நிக்கிறன். இஞ்சை, என்ரை கடை இருக்கிற ஸ்கொட்லாந்துத் தீவில.”

அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“களவா விக்கப் போனனான் எண்டோ நினைச்சனீங்கள்? என்னில நம்பிக்கையே இல்லையோ?”

“வோட்டுக் கேக்கிற எவனையும் நான் நம்புறேல்லை” என்று சமாளித்தேன்.

“அப்ப எலெக்சனில நான் வெண்டால்?”

“வெண்டால் இன்னும் கஷ்டம்.”

நல்லகாலம், அவன் சிரித்துவிட்டான்.