கோட்டை வாசலில் உடைத்த தேங்காய்

சுவிஸ் நாட்டு வின்டர்தூர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில், யோகாம்பாள் அக்காவின் நேர்த்திக்கடன் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான்தான். எங்களோடு வேலை செய்த ஸ்பானியக்காரி எங்கார்னா, இஸ்திரி மெஷினுக்கு மேலே ஸ்பெயினிலுள்ள தன் மலையூர் மாதாவின் படத்தை ஒட்டியிருந்தாள். கொழும்பில் ஒளிந்திருந்த கணவர் பாலேந்திரன் உயிரோடு வந்து சேர்ந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு அந்த மலையூருக்கே வந்து தேங்காய் உடைப்பதாக அக்கா எண்பத்து நாலில் அந்தப் படத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

"முருகன் கோவிக்க மாட்டாரோ?" என்று கேட்டேன்.

"அவருக்கு இஞ்சை பெர்மிட் இல்லையெல்லோ!"

பாலேந்திரன் அண்ணை அடுத்த வருடமே வந்துவிட்டார். ஆனால் அகதி வழக்கு முடியாமல் எல்லை தாண்ட முடியாது. எண்பத்தொன்பதில் பி பெர்மிட் என்ற வதிவிட அனுமதி கிடைத்ததும் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. ஆகஸ்ட் லீவுக்கு ஊர் புறப்பட்ட எங்கார்னாவின் காரில் நாங்களும் நெருக்கியடித்து ஏறினோம். தேங்காய் அக்காவின் மடியில் இருந்தது. "கல்லுப் பாக்கவோ இவ்வளவு தூரம்?" என்று அண்ணை வழி நெடுக நக்கலடித்தார். இப்படியும் நன்றிகெட்ட மனுசனோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த ஊர்! மலை முழுக்க வெள்ளை வீடுகள், உச்சியில் அரபு ராசாக்கள் கட்டிய கோட்டை. மத்தியான வெயிலுக்குக் கோயிலைப் பூட்டியிருந்தார்கள். அதற்குள் எங்கார்னா எங்களை எல்லா இடமும் இழுத்துக்கொண்டு திரிந்தாள். ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி, ஒரு காலத்தில் பள்ளிவாசல் தூபியாக இருந்த மணிக்கோபுரம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் வலம் வந்தார்.

எங்கார்னா தலையில் அடித்துக்கொண்டாள். "இது கோயில் இல்லை!"

"பழசுதானே, சுத்தினால் குறையோ?"

எனக்கும் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை.

கோட்டை வாசலுக்கு வந்தோம். வளைவின் மேல் மாடத்தில் முடிசூடிய கற்சிலை ஒன்று. "அம்மா!" என்று கத்தியபடி அக்கா தேங்காயைப் படியில் ஓங்கி அடித்தார். அது சுக்குநூறாகச் சிதற, நான் கைதட்டினேன். எங்கார்னா வாயைப் பொத்திக்கொண்டாள். அது மாதா இல்லையாம், சண்டையில் ஊரைப் பிடித்த பழைய ராணியாம்.

அக்கா அப்படியே குந்திவிட்டார். "நேர்த்தி பிழைச்சுப் போச்சு. இவருக்கு ஏதும் வந்தால் நான் என்ன செய்வன்?"

அந்த மலையில் தேங்காய்க்கு எங்கே போவது?

அண்ணை விறுவிறென்று காருக்குப் போனார். திரும்பி வந்தபோது, துவாயில் சுற்றிய தேங்காய் ஒன்று அவர் கையில் இருந்தது.

"இது ஆற்றை தேங்காய்?" என்றார் அக்கா.

"என்ரை. நான் கொழும்பிலை இருக்கேக்கை உந்த மாதாவைப் பற்றிப் போனிலை சொன்னாயெல்லோ. உன்ரை முகத்தை ஒருக்காக் கண்டால் நானும் உடைக்கிறன் எண்டு நேந்தனான். வெக்கத்திலை சொல்லேல்லை."

அவரை மனதுக்குள் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன். மாலையில் கோயில் திறந்ததும் இருவருமாகச் சேர்ந்து பிடித்து அந்த ஒரு தேங்காயை வாசற்படியில் அடித்தார்கள். காவல்காரர் சத்தம்போட்டு ஓடிவந்தார். எங்கார்னா விசயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "இவ்வளவு காலமும் என்னை நக்கலடிச்சியளே!"

"ஓம்," என்று அண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். "வா யோகம், சுத்துவம்."