நாடா இல்லாத சுடிதார்கள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் அலுவலகக் குடியிருப்பில், பண்டகசாலை வாசலில் பழைய துணி போட ஒரு நீல நிற இரும்புப் பெட்டி வைத்தோம். பெண்கள் விடுதியில் என்னோடு இருந்த இரண்டு பொறியாளர்களும் நானும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எனக்கு வேலை கிடைத்த புதிது என்பதால் பெட்டிக்கும் வரைபடம் போட்டேன். மழை உள்ளே போகக் கூடாது. ஆடு தலையை நுழைக்கக் கூடாது. போட்ட துணியைக் கையை விட்டு எடுக்க முடியக் கூடாது. உயரம் குறைந்தவர்களுக்கும் பெட்டியின் வாய் எட்ட வேண்டும். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வெல்டர், "இன்னாம்மா, பழந்துணிக்குப் போய் லாக்கரா?" என்றார். ஆனாலும் நன்றாகவே செய்து கொடுத்தார்.

பண்டகசாலைக்கு எதிர் வீட்டில் மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அவர் கணவருக்கு எங்கள் அலுவலகத்தில்தான் வேலை. பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தவர், "ஏம்மா, பாத்திரக்காரம்மாகிட்டப் போட்டா ஒரு கிண்ணமாச்சும் தருவா. உம் பெட்டி என்ன தரும்?" என்று கேட்டார்.

"பீரோவுல இடம் தரும்க்கா."

அக்கா சிரித்துவிட்டார். அன்று மாலையே ஒரு பை துணி கொண்டுவந்து போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். எல்லாம் துவைத்து, சிலது இஸ்திரிகூடப் போட்டு வந்தன.

சேர்ந்த துணியைக் கடப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பை, அங்கிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவந்து விற்ற அம்மா ஏற்றுக்கொண்டார். முதல் முறை பெட்டியைத் திறக்க வேண்டிய சனிக்கிழமை, அவர் தன் மகளையும் கூட்டிவந்தார். அந்தப் பெண்ணுக்கு மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பொத்தேரியில் விடுதி. இயந்திரங்களுக்கு நடுவே நிற்கும் வேலை என்பதால் புடவை, தாவணி கூடாது, சுடிதார்தான் என்று சொல்லியிருந்தார்கள். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு சுடிதார்.

"ஒண்ண வச்சிக்கினு எப்டிம்மா ஆஸ்டல்ல இருக்கறது?" என்றார் அம்மா. "இவங்க நைனா வேற, துணிமணி சேத்துக்கினு அடுத்த வருசம் போலாம்ன்றாரு. இப்ப வுட்டா வேலய வேற யாராவது வாங்கிக்கினு பூடுவாங்க."

பண்டகசாலைக்குப் பின்னால் பாய் விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தோம். மகள் தயங்கித்தான் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கட்டிக் கழித்தது என்ற கூச்சம் முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒரு பச்சைப் பூப்போட்ட சுடிதாரைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. மேல்சட்டையைத் தோளில் வைத்து அளவு பார்த்தாள். பேன்ட்டை எடுத்தாள். இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். நாடா இல்லை.

அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சட்டைகளைப் பிரித்தோம், ஒன்றிலும் பட்டன் இல்லை. ரவிக்கைகளில் கொக்கி இல்லை.

"இன்னாம்மா இது, எல்லாம் வாயப் பொளந்துகினு கீது?" என்றார் அம்மா.

"இத்தப் போட்டுக்கினு போனா ஒரு கைல மெசினு, ஒரு கைல இடுப்பு" என்றாள் மகள்.

வேடிக்கை பார்க்க வந்த எதிர் வீட்டு அக்கா, பச்சை சுடிதாரைப் பார்த்ததும் நெருங்கி வந்தார். "நாடா புதுசா இருந்துச்சு. அதான் உருவிட்டேன். நீங்க துணிதானே கேட்டீக?"

அவர் சொன்னதில் தவறில்லை. எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பழைய சட்டை வீட்டை விட்டுப் போவதற்கு முன் பட்டனை வெட்டி பிஸ்கட் டின்னில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் உண்டு. பெட்டியின் வாய்க்கு எத்தனை டிகிரி சாய்வு என்று யோசித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

"அப்ப அந்த நாடா எங்கக்கா?"

"டின்னுலதான். எங்க போகும்?"

நாங்கள் மூவரும் ஆளுக்கு ஒரு தெருவாகப் பிரிந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். சற்று நேரத்தில் பெண்கள் டின்களோடு வரத் தொடங்கினார்கள். மிட்டாய் டப்பா, பவுடர் டப்பா, மூடி தொலைந்த தூக்கு எல்லாம் பாய் மேல் கவிழ்ந்தன. எது யாருடைய பட்டன் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"இது எங்க வீட்டுக்காரரோட தலை தீபாவளி சட்டை பட்டன். குடுக்க மனசே வரல" என்றார் ஒருவர்.

"சட்டையே பூட்சி, பட்டன வச்சிக்கினு அண்ணாத்த இன்னா பண்ணப் போறாரு?" என்றாள் மகள். பாய் முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவளுக்குக் கூச்சம் போய்விட்டது. ஒரு பழுப்பு நிற சுடிதாரை யாரோ நீட்டியபோது, "வாணாங்க்கா, டீச்சர் மாறி கீது" என்று தள்ளிவிட்டாள். நீட்டியவர் உண்மையிலேயே டீச்சர். "அப்போ உனக்குப் பரீட்சை வச்சுட வேண்டியதுதான்" என்றார் அவர்.

அக்காதான் அதிகம் நாடா கோத்தவர். ஊக்கை நாடாவின் நுனியில் மாட்டி உள்ளே தள்ளுவார். பாதி வழியில் ஊக்கு திறந்துகொண்டு துணியைக் கவ்வும். கடைசியில் என் பேனாவை வாங்கி, ரீஃபிலைக் கழற்றி, அதில் நாடாவைக் கட்டிக் கோத்தார். மதியத்துக்குள் மகளின் பையில் ஒரு வாரத்துக்குப் போதுமான உடைகள் சேர்ந்துவிட்டன. ஒன்றின் கழுத்தில் மட்டும் மூன்று நிறத்தில் பட்டன்கள். அதைத்தான் அவள் முதலில் மடித்து வைத்தாள்.

வழக்கத்தை மாற்றச் சொல்லி நோட்டீஸ் ஒட்டலாம் என்றாள் என் அறைத் தோழி. எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய டப்பா ஒன்றைப் பொருத்தி, 'நாடா, பட்டன், கொக்கி' என்று பெயின்டில் எழுதினோம்.

செவ்வாய்க்கிழமை மீன்கார அம்மா வந்தபோது, நாங்கள் கேட்கும் முன் அக்கா முந்திக்கொண்டார். "போயிட்டாளா? எதப் போட்டுட்டுப் போனா?"

"நீ நாடா கோத்தியே, அந்தப் பச்சதான்" என்றார் அம்மா, வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடியே. "அவங்க நைனாதான் பைய தூக்கிக்கினு பஸ்ஸாண்ட வந்தாரு. படி ஏறும்போது ஒருதபா இடுப்பப் புட்ச்சிப் பாத்துக்கினா."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு நின்னுச்சு. சீட்டுதான் கெடைக்கல. பொத்தேரி வரிக்கும் அவளும் நின்னுக்கினேதான் போயிருப்பா."