வெறும் தாளில் போட்ட கையெழுத்து

செசிலியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். அவரை மாட்டிவிட்டவனே நான்தான். ஆனாலும் எழுதுகிறேன். கட்சிக்காரர்கள் இந்தக் கதையைத் தலைகீழாகச் சொல்லித் திரிவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை.

குளச்சலுக்கு மேற்கே கடலோரமாக ஒரு சின்னப் பேரூராட்சி. அங்கே நான் இளநிலை உதவியாளர். பெயர் வள்ளிநாயகம். ஊர் தோவாளைப் பக்கம், வயல்காட்டுக்காரன். மீன் வாடை பழகவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

2006 உள்ளாட்சித் தேர்தலில் ஒன்பதாம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். கட்சியின் மாவட்டச் செயலாளர் சுந்தரராஜ் ஆள் தேடினார். வீடு வீடாக மீன் விற்கிற செசிலியை வார்டில் தெரியாதவர்கள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், சொன்னதைக் கேட்பார், மிஞ்சிப்போனால் புருஷன் வந்து கூட்டத்தில் உட்காருவான் என்று சுந்தரராஜ் கணக்குப் போட்டார். மீன் சருவத்தை, அந்த அகன்ற அலுமினியப் பாத்திரத்தை, தலையில் வைத்துச் செசிலி சிரிக்கிற படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். முந்நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

முதல் கூட்டத்துக்கே சுந்தரராஜின் கணக்கு பிசகியது. மற்றப் பெண் உறுப்பினர்களின் கணவன்மார் நாற்காலிகளில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, செசிலி தனியாக வந்தார். பேரூராட்சித் தலைவர் ராஜையன், அவரும் அதே கட்சி, "உனக்க புருஷன் சிலுவைமுத்து வரல்லியா?" என்று கேட்டார்.

"அவருக்குக் கடல்ல சோலி இருக்கு. வார்டு எனக்குல்லா?" என்றார் செசிலி.

அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் பிடித்திருப்பது வேறு, நான் செய்த வேலை வேறு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்துக்கு வருகிற உறுப்பினர்கள் வந்த உடனே தீர்மானப் புத்தகத்தில், பக்கத்தின் அடியில், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மேலே தாள் வெறுமையாக இருக்கும். பிறகு டீ, வடை, ஊர் வம்பு. எல்லோரும் போன பிறகு செயல் அலுவலர் சொல்லச் சொல்ல நான் தீர்மானங்களை எழுதி அந்த இடத்தை நிரப்புவேன். ஒவ்வொன்றின் முடிவிலும் "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது". பதினாறு வருடமாக எழுதி எழுதி, அந்த இரண்டு சொற்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிக் காட்டுவேன். இதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தால் என் மீதே எரிச்சலாக வருகிறது.

2008 ஆவணி மாதக் கூட்டத்தில் பதினோராவது பொருள், "பேருந்து நிலையப் பகுதி மேம்பாடு". விளக்கு போடப் போகிறார்கள் என்று செசிலி நினைத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மீன் கெட்டுப்போகும் என்று அவசரமாகப் போய்விட்டார். அன்று சாயங்காலம் நான் எழுதிய தீர்மானம் இதுதான்: பேருந்து நிலைய மூலையில் இருக்கும் மீன் சந்தை இடத்தில் வணிக வளாகம் கட்டுவது. மீன் விற்கும் பெண்களை உரக்கிடங்குக்குப் பக்கத்து நிலத்துக்கு மாற்றுவது. உரக்கிடங்கு என்றால் ஊர்க் குப்பை முழுவதும் போய்ச் சேருகிற இடம். பஸ்ஸும் கிடையாது, அங்கே மீன் வாங்க ஆளும் வராது. நாற்பத்திரண்டு பெண்களின் அடுப்பை அணைக்கிற தீர்மானம் அது. ஒருமனதாக!

மூன்று வாரம் கழித்து சர்வேயர் வந்து சந்தையில் கல் நட்டார். பெண்கள் செசிலியை வளைத்துக்கொண்டார்கள். "ஏட்டி, நீயும் கைபோட்டுத்தானே இது பாஸாச்சாம்? தலைவரு சொல்லுகாரு!" என்று பிரிஜா என்பவள் அவர் சருவத்தை எட்டி உதைத்தாள். செசிலி ரோட்டில் சிதறின சாளை மீனைப் பொறுக்கிச் சருவத்தில் போட்டுக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு வந்தார்.

தீர்மானப் புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, பதினோராவது தீர்மானத்தை முழுக்க வாசித்தார். கீழே அவருடைய கையெழுத்து, குண்டு குண்டான எழுத்தில்.

"சாரே, இதை எழுதினது ஆரு?"

"நான்தான்."

"நான் கைபோடும்ப இதுல எழுத்து உண்டுமா?"

"இல்ல."

"அப்போ வெறும் தாள்ல கைபோட்டது எனக்க தப்பு. அதுல எழுதினது உமக்க தப்பு. நாம ரெண்டு பேருந்தான் திருத்தணும்."

கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சட்டம், நடைமுறை என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்படிச் சொன்னவரிடம் அதெல்லாம் செல்லாது.

சேதி நாகர்கோவிலுக்குப் போனது. சுந்தரராஜ் கட்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னார். செசிலி கணவரையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் காத்திருந்த சிலுவைமுத்துதான் உள்ளே கேட்டதை என்னிடம் சொன்னார்.

"ஏம்மா, இது கட்சி முடிவு. கட்சியில நின்னு ஜெயிச்சவங்க கட்சி சொல்றப்ப கையைத் தூக்கணும். உன்னை ஆளாக்கினது ஆரு?" என்று சுந்தரராஜ் சத்தம் போட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, எனக்க சருவத்தைப் படம் பிடிச்சு நோட்டீசுல போட்டுத்தானே ஓட்டு கேட்டிய? இப்போ அந்தச் சருவத்தை எறக்கி வைக்க எடம் இல்லேண்ணு சொன்னா எப்படி?"

"எதுத்துப் பேசினா கட்சியில இருந்து தூக்கிருவேன்."

"தூக்குங்க. கட்சி உங்களுக்கது. வார்டுல இருந்து தூக்க உங்களால ஒக்காது."

சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டாராம். சிலுவைமுத்து இதைச் சொல்லும்போது அவருக்குப் பயம் ஒருபக்கம், பெருமை ஒருபக்கம். எனக்குப் பயம் மட்டும்தான். அடுத்த கூட்டத்துக்கு நான்தான் புத்தகத்தோடு உட்கார வேண்டும்.

புரட்டாசிக் கூட்டம். பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல் புத்தகத்தை நீட்டினேன். பதினான்கு பேர் போட்டார்கள். செசிலி பேனாவைத் தொடவில்லை.

"மொதல்ல எழுதட்டு. பெறவு போடுகேன்" என்றார்.

"இது என்ன புதுப் பழக்கம்?" என்று ராஜையன் சீறினார்.

"கடப்புறத்துல மீனை மணல்ல தட்டினப் பெறவுதான் ஏலம். கூடைக்குள்ள என்ன கெடக்குண்ணு பாக்காம எந்த மடையனாவது வெலை கேப்பானா தலைவரே? நான் போன தடவ கேட்டுட்டேன். இனி கேக்க மாட்டேன்."

பிறகு போன கூட்டத்துப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அது ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம், இனிமேல் தொட முடியாது என்றார் ராஜையன். செசிலி என் பக்கம் திரும்பினார்.

"சாரே, நாங்க கைபோடும்ப இந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சு? நீரு சொல்லும்."

செயல் அலுவலர் என்னை முறைத்தார். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம். மகளுக்கு அப்போதுதான் கல்யாணப் பேச்சு. ஆனால் ரோட்டில் சாளை பொறுக்கிவிட்டு வந்த அந்த அம்மா, தன் தப்பைத் தானே சொல்லிவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறார்.

"ஒண்ணுமில்ல. வெறும் தாள்" என்றேன்.

கூடத்தில் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் செசிலி என் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.

"தீர்மானப் புத்தகத்துல எழுத உங்களுக்கு அதிகாரம் கிடையாது!" என்று செயல் அலுவலர் எழுந்தே விட்டார்.

"கைபோட அதிகாரம் உண்டு, எழுத அதிகாரம் இல்லியா? இது எந்த ஊரு நியாயம்?"

தன் பழைய கையெழுத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் ஆனது. 'மாற்ற' என்ற சொல்லில் மட்டும் நின்று, என்னைக் கேட்டு எழுதினார். "இது வெறும் தாளில் போட்ட கையெழுத்து. மீன் சந்தையை மாற்ற நான் சம்மதிக்கவில்லை."

புத்தகத்தை மூடப் போனேன். "அதை இங்க தாரும்" என்று ஒரு குரல். ஞானையன். அவரும் அதே கட்சி உறுப்பினர்தான், நாலாம் வார்டு, கூட்டத்தில் வடை கேட்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவரும் எழுதினார். பிறகு இன்னொருவர். கடைசியில் ஆறு பேர். ஓரம், இடுக்கு எல்லாம் எழுத்தாக நிறைந்துவிட்டது. வணிக வளாகத்துக்கு மேல் அலுவலகத்தின் அனுமதி கேட்க வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தின் நகலைத்தான் அனுப்பியாக வேண்டும். அதை எந்த முகத்தோடு அனுப்புவார்கள்? கோப்பு அலமாரியை விட்டு அசையவே இல்லை.

பத்தே நாளில் எனக்குக் களியக்காவிளைப் பக்கம் மாற்றல் வந்தது. வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். வீட்டுக்காரி மீனாட்சிதான் இரண்டு நாள் பேசவில்லை.

புறப்படுகிற அன்று பஸ்ஸுக்காகச் சந்தை மூலையில் நின்றிருந்தேன். சர்வேயர் நட்ட கல்லில் சருவத்தை வைத்து, செசிலி அயிலை மீன் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே பிரிஜா. அப்போது கட்சிக்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, ஒரு கவரையும் ஒரு தாளையும் நீட்டினார். கவரில் செசிலியைக் கட்சியிலிருந்து நீக்கிய கடிதம். தாள் வெறுமை.

"அக்கா, லெட்டர் கிடைச்சதுக்கு இதுல ஒரு கை போட்டுத் தாங்க. மேல நாங்க எழுதிக்கிடுவோம்" என்றார்.

பிரிஜா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

செசிலி சிரிக்கவில்லை. மீன் கையைச் சேலையில் துடைத்தார். என்னிடம் பேனா கேட்டு வாங்கினார். தாளைக் கல்லின் மேல் வைத்து, யாரையும் எழுத்துக் கேட்காமல், நிதானமாக எழுதினார். "என்னைக் கட்சியில் இருந்து நீக்கின கடிதம் கிடைத்தது. ஒன்பதாம் வார்டு உறுப்பினராக இருக்கிறேன்."

முதலிலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.