நான் தொட்டுப் பார்க்காத ஹெலிகொப்டர்

போன கார்த்திகை மழையில் என் மகள் சாகக் கிடந்தாள். இதை எழுதும்போது அவளும் அவளுடைய குழந்தையும் பக்கத்து அறையில் நல்ல நித்திரை. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் கோயில் அம்மாள் செய்ததைத்தான் அடியார்களாகிய உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். கோயில் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஸ்பனர் பிடித்த கை இது, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது வன்னியில், நெடுங்கேணிக்கு உள்ளே ஒரு கிராமத்தில். இளவயதிலேயே கனடா போனேன். அங்கே இராணுவ விமானங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காகச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அதே வேலைதான். ஒரு விமானம் பறக்கும் முன் மெக்கானிக் அதைச் சுற்றிவந்து, தொட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்து வைக்க வேண்டும். அதன் பிறகுதான் விமானி ஏறுவார். ஒருமுறை பார்த்ததை மறுபடி பார்க்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது. வீட்டிலும் அப்படித்தான். காஸ் பூட்டியிருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா என்று படுத்த பிறகும் எழும்பி எழும்பிப் போவேன். "உங்களைக் கட்டினதுக்கு நான் ஒரு ஆமைப்பூட்டைக் கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி தவமணி.

சாமி கும்பிடுவதிலும் அதே புத்திதான். "நான் எல்லாம் பார்த்துவிட்டேன் அம்மாளாச்சி, நீயும் ஒருக்கால் பார்" என்றுதான் கும்பிடுவேன். அவளை எனக்கு உதவியாளாக வைத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

ஓய்வு பெற்றதும் நாங்கள் இருவரும் திரும்பி வந்து பழைய காணியில் வீடு கட்டினோம். எங்களைப் பார்க்க வந்த மகள் துளசி, முல்லைத்தீவில் மிருக வைத்தியராக இருக்கிற ஒருவரை விரும்பிக் கட்டி இங்கேயே தங்கிவிட்டாள். அவள் வயிற்றில் தலைப்பிள்ளை. எட்டாம் மாதம் எங்களிடம் வந்திருந்தாள். அப்போதுதான் மழை பிடித்தது.

குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து வயலெல்லாம் வெள்ளம். நெடுங்கேணிக்குப் போகும் வீதியில் இருந்த சின்னப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர்ச்சனம் முழுக்க மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். மருமகன் முல்லைத்தீவில் அகப்பட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வைத்துத் துளசிக்குக் காலும் முகமும் வீங்கின. தலையிடி என்றாள். பிறகு, "அப்பா, கண் மங்கலாக் கிடக்கு" என்றாள். எங்களோடு ஒதுங்கியிருந்த மருத்துவமாது பிரஷர் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஐயா, மறைக்காமல் சொல்லுறன். பிரஷர் நல்லா ஏறிப்போச்சு. வலிப்பு வந்தால் இஞ்சை வச்சு என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. இண்டைக்கே வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ரெண்டு உயிரும் தப்பும்."

உழவு இயந்திரம் ஒன்றில் இரண்டு பேர் வழி பார்க்கப் போனார்கள். பாதி வழியில் எஞ்சினுக்குள் தண்ணீர் போய், அதை அங்கேயே விட்டுவிட்டு நீந்தி வந்தார்கள். கிராம சேவகர் கூரையில் ஏறி நின்று போன் எடுத்தபடி இருந்தார். "எனக்குத் தெரிஞ்ச இடமெல்லாம் சொல்லிப்போட்டன் அண்ணை. இனி அம்மாள்தான்" என்றார்.

என் கைகளைப் பார்த்தேன். எத்தனை எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய கைகள். பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. வகுப்பறை மூலையில் தவமணி வீட்டிலிருந்து எடுத்து வந்த அம்மாள் படம் இருந்தது. அதன் முன்னால் நேர்த்திக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். அங்கே போய் விழுந்தேன். "நான் ஒன்றும் பார்க்கவில்லை அம்மாளாச்சி. பார்ப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. வெள்ளத்தை வடியச் செய்துவிடு. என் பிள்ளையை நீயே பார்." வாய்விட்டு அழுதேன். சனம் பார்க்கிறது என்ற வெட்கம்கூட வரவில்லை.

வெள்ளம் ஒரு விரற்கடை கூட வடியவில்லை. மழைதான் ஓய்ந்தது. வானம் கொஞ்சம் வெளுத்தது. அந்த வெளுப்புக்குள் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் சுற்றி நின்ற பெரியவர்களின் முகம் மாறியது. தவமணி உருத்திரபுரத்தில் வளர்ந்தவள். யுத்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் குண்டுக்குப் பயந்து பங்கருக்கு ஓடி வளர்ந்தவள். அன்றும் அவளை அறியாமலே மகளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

"தவம், எழும்பு. இது ஏத்திப்போக வந்தது" என்றேன்.

விளையாட்டுத் திடலில் இறங்கினார்கள். துளசியை வகுப்பறை வாங்குப் பலகையில் கிடத்தி நாலு பேர் தூக்கி வந்தார்கள். கிட்டப் போனதும், ஹெலிகொப்டரின் வயிற்றுப் பக்கம் எண்ணெய் வழிந்த கோடு ஒன்று என் கண்ணில் பட்டது. அப்படி வழிவதெல்லாம் ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கால் நின்றுவிட்டது. தூக்கி வந்தவர்களை மறித்துவிட்டேன். "ஒருக்கால் பொறுங்கோ, நான் சுத்திப் பாக்கவேணும்" என்று கத்தினேன். உள்ளே இருந்து குதித்த படைவீரர் தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, போகணும். திரும்ப மழை வருது" என்று கெஞ்சினார். நான் அசையவில்லை.

அப்போது துளசி என் கையைப் பிடித்தாள். இரைச்சலில் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அப்பா, உங்கடை கையெழுத்தை நம்பி ஏறின ஆக்கள் உங்களைக் கண்டவையே?"

காணவில்லை. அநேகமானவர்கள் என் முகத்தைக்கூடக் கண்டதில்லை. யாரோ ஒருவன் ஒழுங்காகப் பார்த்திருப்பான் என்று நம்பி ஏறினார்கள். அந்த நம்பிக்கையில்தான் நான் இத்தனை காலம் சோறு தின்றிருக்கிறேன். நம்பப்பட்டு நம்பப்பட்டே வாழ்ந்த எனக்கு நம்பத் தெரியவில்லை. மறித்த கையை எடுத்துக் கும்பிட்டேன்.

பிறகு ஒரு வேடிக்கை. எல்லோருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்தது தவமணிதான். "பிள்ளையை இஞ்சாலை தாங்கோ" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். கூடப் போக ஒருவருக்குத்தான் இடம், நான் கீழே நின்றுவிட்டேன். அவர்கள் மரங்களைத் தாண்டிப் போய்க் கொஞ்ச நேரத்தில் மழை மறுபடி கொட்டியது. பள்ளிக்கூடம் முழுக்க அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்றபடி இருந்தது.

பின்னேரம் கிராம சேவகரின் போனுக்குத் தவமணி எடுத்தாள். "பொம்பிளைப் பிள்ளை. கத்துறது கேக்குதே? துளசி கண் முழிச்சிட்டாள், உங்களைத்தான் கேக்கிறாள்." நான் போனை ஒவ்வொருவர் காதிலும் வைத்துக்கொண்டு போனேன். முன்பின் கதைக்காத ஆட்கள்கூடக் கட்டிப்பிடித்தார்கள். மருத்துவமாது சிரித்துக்கொண்டே அழுதார். இருந்த சீனி முழுவதையும் கொட்டித் தேத்தண்ணீர் போட்டோம். அதைப்போல ஒரு தேத்தண்ணீர் நான் குடித்ததில்லை.

நேர்த்திப் பொங்கலை ஊரோடு சேர்ந்து பொங்கினோம். இப்போது நான் கதவை ஒருமுறை சாத்திவிட்டு நிம்மதியாகப் படுக்கிறேன். எழும்பிப் போய்ப் பார்க்கிறவள் தவமணி. அவளுக்கு என்னில் நம்பிக்கை இல்லையாம். ஆனால் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, கை காட்டச் சொல்லிக் கொடுக்கிறாள்.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது இன்று ஒரு வழியும் இல்லாமல் நிற்கலாம். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அம்மாளிடம் போவோம் என்று இருக்காதீர்கள். முடியாமல் நிற்கும்போதே போங்கள். நான் வெள்ளத்தை வடியச் சொன்னேன். அவள் மேலால் வந்தாள். உங்களுக்கு எந்தப் பக்கத்தால் வருவாளோ, அது அவளுக்குத்தான் தெரியும்.

அன்று காலை அந்த ஹெலிகொப்டரைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்து வைத்த மெக்கானிக் எங்கேயோ இருக்கிறார். எந்த ஊரோ, என்ன மொழியோ, எத்தனை பிள்ளைகளோ. என் பேத்தி பிறந்தது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் பேத்திக்கு அர்ச்சனை செய்யும்போது அவருக்கும் ஒன்று செய்விக்கிறேன். முதல் முறை ஐயர் கேட்டார், "பேர், நட்சத்திரம் ஒண்டும் இல்லாமல் எப்பிடி அர்ச்சனை செய்யிறது?"

"நீங்கள் செய்யுங்கோ ஐயா, அம்மாளுக்கு ஆளைத் தெரியும்" என்றேன்.