புள்ளி வைத்த சுவர்

"கோலம் போட்டா சத்தம் அடங்கும்னா, உங்க வீட்டுல உங்க அம்மா சத்தம் ஏன் பிள்ள தெருமுக்கு வரைக்கும் கேக்குது?" என்றார் குற்றாலத்து மண்டபக்காரர். பக்கத்தில் நின்ற தச்சர் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டமும் வாங்கியிருந்தேன். அதனால் வரைபடத்தை விரித்தேன்.

புது மண்டபம், சிமெண்டுச் சுவர்கள். ஒருவர் "வணக்கம்" என்றால் நான்கு சுவர்களும் பதில் வணக்கம் சொல்லும். என் யோசனை எளிது. மெல்லிய பலகையில் புள்ளிக்கோல வரிசையில் துளைகள். பின்னால் வடகரைத் தென்னந்தும்பு, அதாவது தேங்காய் நார். துளை வழியே நுழையும் சத்தம் தும்பில் சிக்கி அடங்கிவிடும். தென்காசியில் சினிமாக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்த ஒருவர் திறப்பு விழாவுக்கு வருவதாக இருந்தார். பேச்சு தெளிவாகக் கேட்டால் அவருடைய சுவர்கள் எனக்கு. கேட்காவிட்டால் அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்கு நான்.

விழாவுக்கு முந்தின நாள் உள்ளே போய் "வணக்கம்" என்றேன். சுவர்கள் பழைய மரியாதை குறையாமல் திருப்பிச் சொல்லின. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் மாட்டியிருந்த பலகை முழுவதும் மாக்கோலம். மண்டபக்காரரின் மனைவி அரிசிமாவுக் கிண்ணத்தோடு நின்றார்.

"புள்ளிய மட்டும் வச்சிட்டு இழை இழுக்காமப் போயிட்டியே. நல்ல நாளும் அதுவுமா அரைகுறைக் கோலம் ஆகாதுல்லா? ஓட்டையெல்லாம் மாவ வச்சு அடைச்சாச்சு."

"மதினி, அந்த ஓட்டை வழியாத்தான் சத்தம் உள்ள போவணும்."

"போயி? அங்கன என்ன செய்யும்?"

"தும்புல மாட்டிக்கிடும்."

"பாவம்," என்றார்.

ஆனாலும் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவிக் கொடுத்தார். வீட்டுப் பெண்கள் எல்லோரும் காய்ந்த மாவைக் குத்தி எடுத்தார்கள். "படிக்காதவ அடைச்சா, படிச்சவ குத்துதா" என்றாள் ஒருத்தி. இழைகளை அழிக்க மட்டும் மதினி விடவில்லை.

மறுநாள் விழாத் தலைவர் நீளமாகப் பேசினார். ஒவ்வொரு சொல்லும் ஒருமுறைதான் கேட்டது. அதுவே அதிகமாக இருந்தது.

"எல்லாம் எங்க வீட்டுக்காரி மாக்கோலம் போட்ட ராசி," என்றார் மண்டபக்காரர். நான் கொட்டகைக்காரருக்குத் தும்பைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, எனக்கும் இதே கோலம் வேணும். இழை விட்டுறாத," என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு, வேண்டாமென்று சொல்ல அப்பா ஆள் அனுப்பிவிட்டார். கொட்டகைப் பலகைகள் தச்சரிடம் போய்விட்டன. இந்தத் தடவை இழைகளை நானே பெயிண்டில் வரைந்து, அது காய்ந்த பிறகுதான் துளை போடக் கொடுத்திருக்கிறேன்.